தெய்வம் இல்லாமல் வந்த தானியம்

1

சங்கராபுரத்திலிருந்து மேற்கே கல்வராயன் மலையடிவாரத்துக்கு எந்தச் சாலையில் போனாலும் மக்காச்சோளக் கொல்லை கண்ணில் படாமல் இராது. அறுவடைக் காலத்தில் சாலையின் பாதி அகலத்தை அதுவே எடுத்துக்கொண்டு காயும். பஸ்ஸும் லாரியும் மற்றப் பாதியில் ஒதுங்கிப் போகும். இவ்வளவு நிலத்தை ஆக்கிரமித்துக்கொண்டிருக்கிற இந்தத் தானியத்துக்கு இங்கே தெய்வம் கிடையாது. இந்தக் கட்டுரை அந்த இல்லாமையைப் பற்றியது.

நெல்லுக்குத் தெய்வம் உண்டு. களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார், ‘லாபம்’ என்பார். சிந்திய நெல்லில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். தினைக்கும் உண்டு. தினைப்புனம் காத்த வள்ளியை எடுத்துவிட்டால் முருகன் கதையில் பாதி போய்விடும். மக்காச்சோளம் மட்டும் நானறிந்த எந்தச் சடங்கிலும் நுழையவில்லை. நவதானியத்தில் அது இல்லை. பொங்கல் பானையில் இல்லை. அம்மனுக்கு வைக்கிற படையலில் இல்லை. கொல்லையில் விளைகிறது, மூட்டையாகிறது, லாரி ஏறுகிறது.

அது அந்நியப் பயிர், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக வந்தது, அதனால்தான் என்று சட்டென்று பதில் சொல்லிவிடலாம். பெயரிலேயே அந்நியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் மக்கா என்று ஒரு தூர தேசத்தோடு சேர்த்தோம். இத்தாலியர் துருக்கித் தானியம் என்றார்கள். துருக்கியர் மிஸிர், அதாவது எகிப்து, என்றார்கள். எவனுக்கும் அது பக்கத்து ஊர்க்காரனின் பயிர். ஆனாலும் இந்தப் பதில் போதாது. மிளகாயும் அதே அமெரிக்காவிலிருந்து, அதே காலத்தில், அதே ஜாதிக் கப்பல்களில் வந்ததுதான். இன்று குழந்தைக்குத் திருஷ்டி கழிக்க உப்போடு மிளகாய் வேண்டும். அடுப்பில் போட்ட மிளகாய் நெடியடிக்கவில்லை என்றால் திருஷ்டி பலமாக இருந்தது என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அதற்கு இங்கே அதிகாரம் கிடைத்துவிட்டது. அந்நியம் தடையாக இருந்திருந்தால் மிளகாயையும் தடுத்திருக்கவேண்டும்.

காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேட, மக்காச்சோளத்துக்குத் தெய்வம் இருந்த இடத்துக்குப் போகவேண்டும்.

2

மக்காச்சோளம் இயற்கையில் தானாகத் தோன்றிய பயிர் அல்ல. மெக்சிகோவின் தென்மேற்கே பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசின்டே என்ற காட்டுப் புல்லிலிருந்து, ஏறத்தாழ 9000 வருஷங்களுக்கு முன் மனிதர்கள் பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கியது. தியோசின்டேயின் கதிர் விரல் நீளம்தான். முற்றியதும் மணிகள் தாமாக உதிர்ந்து பரவும். மக்காச்சோளம் உதிராது. மட்டை மூடிய கதிர் அப்படியே மண்ணில் விழுந்தால் நூற்றுக்கணக்கான மணிகள் ஒரே இடத்தில் முளைத்து ஒன்றையொன்று நெரித்துச் சாகும். யாராவது கதிரைப் பிரித்து, மணியைக் கழற்றி, இடம் விட்டு ஊன்றவேண்டும். மனிதக் கை இல்லாவிட்டால் இந்தப் பயிர் சில வருஷங்களில் உலகத்திலிருந்து மறைந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அஸ்டெக் சிற்பங்களைப் பார்க்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது.

அஸ்டெக் சிற்பம் என்றதும் நம் போன்றவர்கள் நினைப்பது கோவாட்லிகுவே. 1790இல் மெக்சிகோ நகரத்தின் பெரிய சதுக்கத்தைத் தோண்டியபோது வெளிப்பட்ட, பாம்புகளால் ஆன பாவாடை உடுத்த, தலைக்குப் பதில் இரண்டு பாம்பு முகங்கள் எதிரெதிராக நிற்கிற மாபெரும் கல். பார்த்தவர்கள் பயந்து மறுபடி புதைத்தார்கள். 1803இல் ஹம்போல்ட் பார்ப்பதற்காகத் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். தெய்வமாக இருந்தது பூதமாகி, பூதமாக இருந்தது பிறகு கலைப்படைப்பாகிவிட்ட இந்த மாற்றத்தைப் பற்றி, 1962 முதல் 1968 வரை டில்லியில் மெக்சிகோவின் தூதராக இருந்த ஒக்தாவியோ பாஸ் எழுதியிருக்கிறார். நவீன கலை ரசனைக்கு அது தோதான கல். அச்சம், பிரம்மாண்டம், வடிவத்தின் மூர்க்கம் எல்லாம் அதில் இருக்கின்றன.

ஆனால் அந்த நாட்டின் அருங்காட்சியகங்களிலும், லண்டன், நியூயார்க், பெர்லின் சேகரிப்புகளிலும் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிற பெண் உருவம் வேறு. அவள் மக்காச்சோளத் தேவதை. 15ஆம் நூற்றாண்டிலும் 16இன் தொடக்கத்திலும் செய்யப்பட்டவை. எரிமலைக் கல். படங்களில்தான் பார்த்திருக்கிறேன். பல உருவங்கள் முழங்கால் உயரம்கூட வராது. உடம்பு ஒரு கட்டையைப் போல முன்னும் பின்னும் தட்டையாக நிற்கிறது. முகத்தில் எந்த பாவமும் இல்லை. தலைமேல் தலையைவிடப் பெரியதாக ஒரு சதுரப் பெட்டி. அதன் மூலைகளில் பூப்போன்ற வட்டங்கள். பெட்டி என்று நமக்குத் தோன்றுவது காகிதக் கிரீடம். அத்தி இனத்து மரத்தின் பட்டையை அடித்துச் செய்த காகிதம். அவர்கள் மொழியான நஹுவாட்லில் அதற்குப் பெயரே ‘காகித வீடு’. கைகளில் மக்காச்சோளக் கதிர்கள், பெரும்பாலும் இரட்டை இரட்டையாக. கல்லில் குறுக்கும் நெடுக்கும் கோடு கீறி மணிகளைக் காட்டியிருக்கிறார்கள். சிலவற்றில் சிவப்புச் சாயத்தின் மிச்சம் இருக்கிறது.

அரண்மனைச் சிற்பியின் கை எல்லாவற்றிலும் தெரியவில்லை. பல கற்கள் கிராமத்துக் கைவேலை. ஒன்றைப் பார்த்தவன் மற்றதையும் பார்த்தவன்தான் என்று ரசிகன் அலுத்துக்கொள்ளலாம். அந்த அலுப்புதான் என் தொடக்கம். ஒரே உருவத்தை ஒரு ஜனங்கள் இத்தனை தடவை ஏன் செய்தார்கள்?

அவளுக்குப் பெயர் சிகோமெகோவாட்ல், ‘ஏழு பாம்பு’. அது அவர்கள் பஞ்சாங்கத்தில் ஒரு நாளின் பெயர். பிஞ்சுக் கதிரின் தேவதை ஷிலோனென், தனி. மக்காச்சோளத்தின் ஆண் தெய்வம் சென்தியோட்ல், அதுவும் தனி. பயிரின் பருவங்களுக்குத் தனித்தனி முகம் கொடுத்தவர்கள் அவர்கள். விளைந்து முற்றிய, சாப்பாட்டுக்கும் விதைக்கும் ஆன கதிர் சிகோமெகோவாட்லுடையது.

இவளை என்ன செய்தார்கள் என்பது நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஒரு பாதிரி. 1529இல் மெக்சிகோ போய்ச் சேர்ந்த பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்தினோ தெ சஹகூன், உள்ளூர் முதியவர்களைக் கேட்டு, உள்ளூர் மாணவர்களைக் கொண்டு, நஹுவாட்ல் மொழியிலேயே பன்னிரண்டு புத்தகங்களுக்கு அந்த வாழ்க்கையை எழுதிவைத்தார். ஒழிப்பதற்காகத் தெரிந்துகொள்வது என்பது நோக்கம். எழுதி முடிக்கிற தறுவாயில், 1577இல், அவற்றைப் பறிமுதல் செய்யச் சொல்லி ஸ்பெயின் அரசனின் உத்தரவு வந்தது. நம் தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதி அனுப்பிய நூல் 1867 வரை அச்சேறாமல் கிடந்தது ஞாபகம் வருகிறது. ஒழிக்கப் போனவர்கள் எழுதிவைத்ததை அவர்களை அனுப்பியவர்களே நம்பவில்லை.

சஹகூன் சொல்கிற நான்காவது மாத விழாவில், விதைப்புக் காலத்தை ஒட்டி, கன்னிப்பெண்கள் விதைக் கதிர்களை ஏழு ஏழாகக் கட்டி, காகிதம் சுற்றி, ரப்பர்ப் பால் தெளித்து, முதுகில் சுமந்து சிகோமெகோவாட்லின் கோவிலுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அவை புனிதமாகின்றன. பிறகு வீட்டுக்குத் திரும்ப வருகின்றன. குதிருக்குள் போகின்றன. அந்த ஏழு கதிர்கள் குதிரின் இதயம் என்று சொல்லப்பட்டன. அடுத்த விதைப்பு அவற்றிலிருந்து.

இதைப் படித்தபின் அந்தக் கல் வேறாகிவிடுகிறது. கையில் இருப்பது அறுவடையின் பெருமை என்று நினைத்திருந்தேன். விதைக்கென்று எடுத்துவைத்த கதிர் என்று இப்போது வாசிக்கத் தோன்றுகிறது. காகிதம் சுற்றிய கதிர்க்கட்டும், காகிதம் சூடிய தேவதையும், கட்டைச் சுமக்கிற பெண்ணும் ஒரே வஸ்துவின் மூன்று நிலைகள். கல் தட்டையாகவும் கட்டையாகவும் இருப்பதற்கு சிற்பியின் திறமைக் குறைவைக் காரணம் சொல்லவேண்டியதில்லை. கட்டிவைத்த பொருள் அப்படித்தான் இருக்கும்.

இதில் அழகுபடுத்தக்கூடாத ஒன்றும் இருக்கிறது. எட்டாவது மாதத்தில் ஷிலோனெனாக அலங்கரிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பலி கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வருஷத்தின் பிஞ்சுக் கதிரைத் தின்னலாம். சிற்பத்தின் சாந்தத்தைப் பேசுகிறவர்கள் இதை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுவதும், பலியை மட்டுமே பேசுகிறவர்கள் விதையைக் காணாமல் போவதும் ஒரே குறைபாட்டின் இரண்டு முகங்கள். நமக்கும் இது அப்படி ஒன்றும் தூரமில்லை. திருமுருகாற்றுப்படையில் மறியறுத்த ரத்தத்தோடு அரிசி கலந்து பலியிடுவதும், தினையைப் பூவோடு தூவுவதும் வருகின்றன. தானியமும் ரத்தமும் கலந்த பாத்திரம் நம் கவிதையிலும் இருக்கிறது. அங்கே அது மனித ரத்தம் என்ற வித்தியாசம் மிகப் பெரியது. அதை மறைப்பதால் எந்தப் புரிதலும் வளராது.

3

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். தென்னிந்தியாவில் மக்காச்சோளம் ஏந்திய சிற்பங்கள் இருப்பதாக ஒரு வாதம் உண்டு. மைசூருக்குப் பக்கத்தில் சோமநாதபுரம். 13ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நரசிம்மன் காலத்தில், ஹொய்சாளத் தண்டநாயகன் சோமநாதன் எடுத்த கேசவன் கோவில். 2023இல் பேலூர், ஹளேபீடோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதன் வெளிச்சுவரில் பல உருவங்கள் கையில் நீளமான, மேலெல்லாம் மணிமணியாக ஒரு பொருளை ஏந்தியிருக்கின்றன. 1989இல் கார்ல் ஜோஹன்னசன் என்ற அமெரிக்கப் புவியியலாளரும் ஆன் பார்க்கரும் ‘எகனாமிக் பாட்டனி’ என்ற ஆய்விதழில், இவை மக்காச்சோளக் கதிர்களே என்றார்கள். நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்தார்கள். மணிவரிசைகளைப் பார்த்தார்கள். கொலம்பஸுக்கு முன்பே அமெரிக்காவும் இந்தியாவும் கடல்வழியே தொடர்பு கொண்டிருந்தன என்பது முடிவு.

1993இல் அதே இதழில் பாயக், சச்சன் என்ற இரண்டு இந்திய விஞ்ஞானிகள் இதை மறுத்தார்கள். கையில் இருப்பது முக்தாபலம், முத்துகளால் ஆன கற்பனைக் கனி என்றார்கள்.

நேரில் போய்ப் பார்த்தபோது எனக்கு மறுப்பே சரியாகப் பட்டது. அந்தச் சுவரில் முத்துக் கோக்காத இடமே இல்லை. கிரீடத்தில் முத்து, இடையில் முத்து, தோளில் முத்து. அந்த மிருதுவான கல்லில் உளி எதைத் தொட்டாலும் மணியாகக் கொழிக்கிறது. கையிலுள்ள பொருளை மட்டும் பெயர்த்து எடுத்து ஒரு தட்டில் வைத்துப் பார்த்தால் மக்காச்சோளம். சுவரோடு சேர்த்துப் பார்த்தால் அதே ஆபரண மொழியின் இன்னொரு சொல். நம் சிற்ப மரபில் லக்ஷ்மியும் குபேரனும் ஏந்துகிற ஒரு கனிக்கு பீஜபூரகம் என்று பெயர். விதை நிறைந்தது என்று பொருள். செல்வத்தை விதை நிறைந்த கனியாக நினைத்த மரபு, அதை முத்து நிறைந்த கனியாகவும் நினைக்கும். அதற்குக் கடல் தாண்டவேண்டியதில்லை.

இன்னொன்று. மக்காச்சோளம் மனிதக் கையில்லாமல் பரவாது என்றேன். சிற்பியின் கண்ணில் படும் அளவுக்கு மைசூர்ப் பக்கம் 13ஆம் நூற்றாண்டில் அது விளைந்திருந்தால், அதை விதைத்தவர்கள், விற்றவர்கள், வரி கட்டியவர்கள் இருந்திருக்கவேண்டும். ஹொய்சாளர்களுக்கு நம் பகுதி அந்நியமும் அல்ல. 1231இல் மூன்றாம் ராஜராஜ சோழனைக் கோப்பெருஞ்சிங்கன் சிறைவைத்த சேந்தமங்கலம் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் இருக்கிறது. அவனை மீட்க சோமநாதபுரத்து நரசிம்மனின் பாட்டனான இரண்டாம் நரசிம்மன் அனுப்பிய படை நடுநாட்டு ஊர்களை அழித்துக்கொண்டு வந்ததைத் திருவயிந்திரபுரம் கல்வெட்டு சொல்கிறது. படை வந்த வழியில் பயிரும் வரும், சொல்லும் வரும். வரகு, தினை, எள், கரும்பு, வாழை, மஞ்சள், இஞ்சி என்று பயிர் பயிராகப் பேசுகிற நம் கல்வெட்டுகளில் இந்தப் பயிரின் சுவடு இல்லை. சுவரில் ஆயிரம் கதிரும் நிலத்தில் ஒரு செடியும் இல்லாத விவசாயம் உலகத்தில் கிடையாது.

இந்த வாதத்தை நம்புவதில் நம்மவர்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. நம்மிடம் முன்பே இருந்தது என்ற சந்தோஷம். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

4

உருவ ஒற்றுமையைத் தேடிப் போனால் சோமநாதபுரத்தில் போய் முட்டிக்கொள்கிறோம். வேறு இடத்தில் தேடினால் என்ன கிடைக்கிறது?

சஹகூனின் ஐந்தாவது புத்தகம் சகுனங்களையும் நம்பிக்கைகளையும் பற்றியது. அதில் இரண்டு செய்திகள். காய்ந்த மக்காச்சோளத்தைக் கொதிக்கப் போடுமுன் பெண்கள் அதன்மேல் வாயால் ஊதுவார்கள். சூட்டைக் கண்டு பயப்படாமல் அதற்குத் தைரியம் வரவேண்டும் என்று. இன்னொன்று: தரையில் மணிகள் சிந்திக் கிடந்தால் கண்டவர்கள் பொறுக்கியாகவேண்டும். பொறுக்காமல் போனால் அது அழும், கடவுளிடம் போய் முறையிடும்.

நெல்லில் கால் பட்டதும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற நம் பெண் இதைப் படித்தால் ஆச்சரியப்படமாட்டாள். இந்த ஒற்றுமைக்கு எந்தக் கப்பலும் தேவையில்லை. தன் கையால் விதைத்ததைத் தன் அடுப்பில் ஏற்றித் தன் குதிரில் மிச்சம் வைக்கிற இரண்டு ஜனங்கள், ஒருவரையொருவர் அறியாமல், தானியத்தைத் தங்களைப் போல வலியும் மானமும் உள்ள ஒன்றாக நடத்தியிருக்கிறார்கள். ஒற்றுமை உறவில் இருக்கிறது.

அப்படியானால் நம் சிகோமெகோவாட்ல் எங்கே? கல்லில் தேடினால் நடுநாட்டில் உடனே தட்டுப்படுகிறவள் தவ்வை. சேட்டை, ஜ்யேஷ்டை என்றும் பெயர். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கங்களில் ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் பல்லவர் காலத்துத் தவ்வைச் சிலை கிடைத்ததாகப் பலமுறை செய்தி வந்திருக்கிறது. சரிந்த வயிறு, கனத்த மார்பு, தொங்கவிட்ட கால்கள். ஒரு பக்கம் மாட்டுத் தலையோடு மகன், மறுபக்கம் மகள், காக்கைக் கொடி. முற்காலச் சோழர் கோவில்களில் பரிவார தேவதைகளில் ஒருத்தியாக இடம் பெற்றவள். அவளை வளமையின் தாயாகக் காணும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. பிற்பாடு லக்ஷ்மியின் அக்கா, அமங்கலம், மூதேவி என்றாகிக் கோவிலைவிட்டு வெளியே போனாள். தொண்டரடிப்பொடியாழ்வார் காலத்திலேயே அவளிடம் செல்வம் கேட்டுப் போகிறவர்களைப் பார்த்துப் பரிகசிக்கிற குரல் கேட்கிறது. இன்று அவள் கல் இருக்கிறது, அவளுக்குச் செய்த காரியம் இல்லை. அவளைப் பற்றி எழுதிவைக்க நமக்கு ஒரு சஹகூன் வாய்க்கவில்லை. அந்த வயிற்றை வளமை என்பதா, சோம்பல் என்பதா என்று நாம் உருவத்தைப் பார்த்தே ஊகிக்கவேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கம், கல் இல்லாமல் காரியம் மட்டும் நிற்கிறது. முளைப்பாரி. தெற்கே மதுரை, ராமநாதபுரம் பக்கம் மாரியம்மன் திருவிழாவில் பெண்கள் ஓட்டிலும் கூடையிலும் மண்ணும் எருவும் இட்டு, தானியங்களை ஊன்றி, வெயில் படாத அறையில் வைத்து, தண்ணீர் தெளித்து, கும்மி கொட்டி வளர்க்கிறார்கள். வெளிறிய மஞ்சளாக நீண்ட முளைகளைத் தலையில் சுமந்து ஊர்வலம் போய் நீரில் கரைக்கிறார்கள். கோவில் உற்சவங்களுக்கு முன் முளையிடுவதும் கல்யாணத்தில் பாலிகை தெளிப்பதும் இதே குடும்பம். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி மணத்தில் முளைப்பாலிகை ஏந்திய பெண்கள் வருகிறார்கள். விதை முளைக்கிறதா என்று ஊர் கூடிப் பார்க்கிற பரீட்சை இது என்று விளக்கம் சொல்வார்கள். விளக்கம் சரியாக இருக்கலாம். ஆனால் பரீட்சை மட்டும் என்றால் கும்மி எதற்கு? பெண்கள் விதையைச் சுமந்து தெய்வத்திடம் கொண்டுபோகிறார்கள் என்பதுதான் இதன் முதுகெலும்பு. மெக்சிகோவில் முதுகில் ஏழு கதிர். இங்கே தலையில் முளை.

ஃப்ரேஸரின் ‘தங்கக் கிளை’ வழியாகவும், அவரைப் பற்றிக்கொண்ட எலியட்டின் ‘பாழ்நில’த்தின் வழியாகவும் இந்த வகை ஒப்பீடு ஆங்கிலம் படித்த நமக்குப் பழக்கம்தான். ஃப்ரேஸர் கிரேக்கத்து அடோனிஸ் தோட்டங்களையும் மெக்சிகோவின் பலியையும் இந்திய முளைச் சடங்குகளையும் ஒரே நூலில் அடுக்கினார். அவர் அடுக்கில் இடம் கிடைத்த ஒவ்வொரு சடங்கும் தன் ஊரை இழந்துவிடுகிறது என்பது என் மனக்குறை. முளைப்பாரியில் நீரில் கரைத்துவிடுகிறார்கள். சிகோமெகோவாட்லின் ஏழு கதிர் வீடு திரும்பிக் குதிருக்குள் போகிறது. ஒன்று விட்டுக்கொடுக்கிறது, மற்றது பாதுகாக்கிறது. ஒருவேளை இதனால்தான் அங்கே கல் வேண்டியிருந்தது, இங்கே வேண்டியிருக்கவில்லை. கரைத்துவிடுகிற தெய்வத்துக்குக் கல் எதற்கு? வருஷம் முழுவதும் குதிரின் இருட்டில் இருந்தாகவேண்டிய விதைக்கு, வெளியே யாராவது அசையாமல் நிற்கவேண்டும். ஊகம்தான். ஆனால் இரண்டு சடங்குகளின் வித்தியாசத்திலிருந்து பிறக்கிற ஊகம்.

5

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வரலாம். சங்கராபுரத்து மக்காச்சோளத்துக்கு ஏன் தெய்வம் இல்லை?

வங்கியில் பயிர்க்கடன் மேஜையில் உட்காருகிறவனுக்குத் தெரிகிற ஒரு செய்தி உண்டு. பயிர்வாரியாக ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்று மாவட்ட அளவில் நிர்ணயம் செய்கிறார்கள். அந்தக் கணக்கில் விதை ஒரு செலவினம், உரத்தையும் பூச்சிமருந்தையும் கூலியையும் போல. மக்காச்சோளத்தைப் பொறுத்தவரை இது வெறும் கணக்குச் சம்பிரதாயம் இல்லை, அப்பட்டமான நிஜம். இங்கே விதைப்பது பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். போன வருஷ விளைச்சலிலிருந்து மணி எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறையில் பயிர் ஒரே சீராக வராது, விளைச்சல் விழுந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பட்டத்துக்கும் கடையில் புதுப் பாக்கெட். குதிரில் எடுத்துவைக்க எதுவும் இல்லை. விளைந்ததைத் தின்பதும் இல்லை. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கும் தீவன ஆலைகளுக்கும் போகிறது. முட்டையாகவும் கறியாகவும் திரும்பி வருகிறபோது அதை யாரும் அடையாளம் காண்பதில்லை.

விதைக்கிற கை இருக்கிறது. விதையை மிச்சம் வைக்கிற கையும், அடுப்பில் ஏற்றுகிற கையும் இல்லை. சிகோமெகோவாட்ல் இருந்தது அந்த இரண்டு கைகளுக்கு நடுவில். உட்கார இடமில்லாத இடத்தில் தெய்வம் வராது. மிளகாய் அடுப்பில் நுழைந்தது, அம்மிக்குப் போனது, ஆகவே திருஷ்டிக்கும் போனது. மக்காச்சோளத்துக்கு அந்த வாசல் திறக்கவில்லை. ராஜஸ்தானத்திலும் பஞ்சாபிலும் அதை ரொட்டியாகத் தட்டித் தின்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே அது சாலையிலிருந்து நேராக லாரிக்குப் போகிறது.

தெய்வம் வராவிட்டாலும் புழு வந்துவிட்டது. 2018இல் முதலில் கர்நாடகத்திலும் அதே வருஷம் தமிழ்நாட்டிலும் காணப்பட்ட படைப்புழு, மக்காச்சோளத்தின் குருத்துக்குள் புகுந்து தின்கிற அமெரிக்கப் புழு. தன் தானியத்தைத் தேடி நானூறு வருஷம் கழித்து வந்து சேர்ந்தது. அதற்கு நம்மிடம் சடங்கு இல்லை, மருந்துதான் இருந்தது.

மெக்சிகோ மட்டும் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். 2025இல் அந்த நாடு தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, உள்ளூர் மக்காச்சோளத்தை தேசிய அடையாளத்தின் அம்சமாக அறிவித்து, மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை விதைக்கத் தடை போட்டது. அதே நாடு கால்நடைத் தீவனத்துக்கென்று அமெரிக்க ஐக்கிய நாட்டிலிருந்து அந்த மக்காச்சோளத்தைத்தான் பெருமளவில் இறக்குமதி செய்கிறது. விதைக்கக்கூடாது, வாங்கலாம். முன்பு கல் நின்ற இடத்தில் இப்போது ஒரு ஷரத்து நிற்கிறது. ஒரு வகையில் அது பழைய காரியத்தையே செய்கிறது. விதையைப் பாதுகாக்கிறது.

இவ்வளவையும் ஒரு இலக்கியப் பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் விமர்சனம் பெரிதும் சோமநாதபுரத்து முறையில்தான் நடந்துவருகிறது. ஒருவர் சர்ரியலிசம் என்ற வார்த்தையைக் கேட்டதும் சித்தர் பாடல்களைத் தூக்கிக்கொண்டு வந்து, நம்மிடம் முன்பே இருந்தது என்கிறார். இன்னொருவர் தமிழில் ஒரு நல்ல கவிதை வந்ததும் எலியட்டிலோ நெருதாவிலோ அதன் கப்பலைத் தேடுகிறார். இருவருக்கும் சண்டை. ஆனால் முறை ஒன்றுதான். கையில் இருக்கிற வஸ்துவை மட்டும் பெயர்த்து எடுத்து, நீள அகலம் அளந்து, வேறு ஒன்றோடு பொருத்துவது. அந்தக் கவிதை எந்தச் சுவரில் இருந்தது, அதை எழுதிய மொழி அதைக்கொண்டு என்ன காரியம் செய்துகொண்டிருந்தது, எதை மிச்சம் வைத்தது என்ற கேள்வி எழுவதில்லை. படிமம் ஒன்றாக இருந்தால் போதும், வம்சாவளி எழுதிவிடுகிறோம்.

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மக்காச்சோள மணியின்மேல் ஊதிய பெண்ணையும் நெல்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை இரண்டு பேரையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. அந்த ஒப்பீடு யாருக்கும் முந்திய உரிமையைத் தருவதில்லை. யாரையும் கடன்காரன் ஆக்குவதும் இல்லை. ஒரு கல் கையில் என்ன வைத்திருக்கிறது என்று அளப்பதற்கு முன், அதை அங்கே நிறுத்தியவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று கேட்கவேண்டும். கவிதைக்கும் இதையே கேட்கலாம் என்று நினைக்கிறேன்.